சிமிட்டாத பச்சை விளக்கு

என் அக்காவுக்கு எங்கள் மருத்துவமனையில் வேலை கிடைத்த அன்று அம்மா பெரியம்மாவுக்கு போன் போட்டு, “பெரியவ ஆஸ்பத்திரியில சர்வர் பாத்துக்கறா” என்று பெருமையாகச் சொன்னாள். “கேன்டீன்லயா? இதுக்கா இவ்ளோ படிச்சா?” என்றாள் பெரியம்மா. வீடே சிரித்தது. மருத்துவமனையின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு அங்கே சர்வரக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு, மடியில் குழந்தையும் மேசையில் லேப்டாப்புமாகக் கம்ப்யூட்டர் படிப்பைப் படித்துத் தேறினாள். அந்த மாதங்களில் சமையல் அவள் கணவர், எங்கள் மாமாவுடையது. உப்பு இருந்தால் காரம் இருக்காது; அக்கா குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

நான் அதே மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவன். ஒருநாள் காலை படங்கள் திரையில் ஆமையாக நகர்ந்தன. வெளியே நோயாளிகள் முணுமுணுத்தார்கள். அக்காவின் அறைக்கு ஓடினேன்.

எங்கள் ஸ்கேன்கள் எல்லாம் சர்வரோடு கேபிளால் இணைத்த ஒரு பெரிய டிஸ்க் பெட்டியில் இருக்கின்றன. அதில் ஒரு டிஸ்க் போய்விட்டது. ஒன்று போனால் மற்றவை சமாளிக்கும். இன்னொன்றும் போனால் அத்தனை படங்களும் காலி. காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அதிலிருந்து மீட்டெடுக்க நாள்கணக்காகும்.

போனதைக் கண்டுபிடிப்பது சாதாரண வேலைதான். சர்வரிலிருந்து சொன்னால், அந்த டிஸ்க்கின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரியும். அன்று எரியவில்லை. பெட்டி பதில் தரவில்லை என்றது திரை. அதன் சூடு என்ன, ஃபேன் ஓடுகிறதா, எதுவும் தெரியவில்லை.

பெட்டியை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் போனில் இருந்தார். “மேடம், ஏழாம் நம்பர்னு காட்டுதுல்ல? மேல் வரிசையில ஏழாவத உருவிட்டுப் புதுச போடுங்க.”

“உருவ மாட்டேன் சார்.”

“ஏன் மேடம்?”

“பெட்டிதான் வாயே திறக்கலயே. ஏழுன்னா சர்வர் கண்டுபிடிச்ச வரிசையில ஏழு. அது பெட்டியில எந்த இடத்துல இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நல்லத உருவிட்டா மொத்தமும் போச்சு.”

“சரி, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“வேலை செய்யற டிஸ்க்கோட பச்சை விளக்கு சிமிட்டும். ஒவ்வொண்ணையா வேலை வாங்கிப் பாக்கறேன்.” என் பக்கம் திரும்பினாள். “டேய், பிளாஸ்திரி எடுத்துட்டு வா. எது சிமிட்டுதோ அதுக்குக் கீழ ஒட்டு. அவசரப்படாத.”

அவள் கட்டளை தட்டுவாள். ஒரு விளக்கு படபடவென்று சிமிட்டும். நான் ஒட்டுவேன். தலைமை மருத்துவரும் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிளாஸ்திரி இல்லாமல் ஒரே ஒரு டிஸ்க் மிஞ்சியது: கீழ் வரிசையில், மூன்றாவது. எல்லா டிஸ்க்குகளையும் மறுபடி ஒருசேர ஓடவிட்டாள். அது மட்டும் சிமிட்டவில்லை.

“இதான்” என்று உருவினாள். உருவினால் மட்டுமே தெரியும் அதன் தயாரிப்பு எண்ணும், பழுதானதென்று திரை காட்டிய டிஸ்க்கின் தயாரிப்பு எண்ணும் ஒன்றேதான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“நல்லவேளை மேடம், நான் சொன்னத நீங்க கேக்கல” என்று இன்ஜினியர் மனம்விட்டுச் சிரித்தார்.

புது டிஸ்க்கில் தகவல் நிரம்பி முடிந்தும் அக்கா விடவில்லை. “பெட்டி வாயடச்சது ஏன்னு தெரியாம எப்படி விடறது?” மறுநாள் மாலை, மருத்துவரிடம் சொல்லிச் சர்வரையும் பெட்டியையும் நிறுத்தினாள். சர்வரோடு பேசுவதற்கென்றே பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சர்க்யூட் அட்டை உண்டு. அதைக் கழற்றிச் சரியாகச் செருகினாள். மீண்டும் ஓடவிட்டு, அதன் மென்பொருளையும் புதுப்பித்தாள். பெட்டி பேச ஆரம்பித்தது. பேசியதும் முதல் புகார்: ஒரு ஃபேன் நின்றுவிட்டது!

“பாத்தியா? அந்த டிஸ்க் இருந்த மூலை இத்தனை நாளா வெந்துட்டு இருந்திருக்கு. சொல்லத்தான் வழியில்ல பாவம்” என்றாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த தாயைப்போல. ஃபேனையும் மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இன்ஜினியர் எங்கள் மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தில், அவள் செய்த முறையை இனி தன் குழுவுக்கும் சொல்லித்தரப் போவதாகச் சொல்லியிருந்தார். மருத்துவர் அதைக் கூட்டத்தில் வாசித்தபோது அக்கா, “பிளாஸ்திரி ஒட்டினது என் தம்பி சார்” என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது வரை சிரிப்பு.