வாரத்துக்கு எத்தனை சட்டை?

ஏற்காடு பஸ்ஸில் இன்று பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, பள்ளி நுழைவுத் தேர்வுக்கு மகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

“ஒரு தையல்காரர் ஒரு நாளைக்குப் பத்து சட்டை தைச்சா, ஒரு வாரத்துக்கு எத்தன?”

எண்பத்து நான்கில் கான்வென்ட் நுழைவுத் தேர்வில் எனக்கு வந்த அதே கணக்கு!

அன்று எழுதிவிட்டு வந்ததும் கேட்டிலேயே அப்பா பிடித்துக்கொண்டார். அவர் நாகலூர் பக்கம் எஸ்டேட் ரைட்டர், கணக்குப்பிள்ளை. ஆட்களின் வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் எனக்குக் கணக்கே சொல்லிக்கொடுத்தார்.

“என்ன கண்ணு எழுதுன?”

“அறுவதுங்கப்பா.”

அப்பாவின் முகம் வெளிறியது. “எழுவது வரோணுமே சாமி!”

“ஞாயித்துக்கெழம லீவுங்கப்பா. உங்க நோட்டுல அன்னைக்கு யாருக்கும் பேரு போடமாட்டீங்களே.”

ஒரு மார்க்கில் சீட் போனது.

இன்று அந்தப் பாப்பா பட்டென்று “எழுபது” என்றாள்.

என் வாய் சும்மா இருக்குமா? “ஏன் கண்ணு, தையல்காரருக்கு லீவே கிடையாதா?”

பாப்பா விரலை மடக்கி யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா முறைத்த முறைப்பில், மலைப்பாதையின் மீதி வளைவுகளெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீங்களே சொல்லுங்கள், அறுபது தப்பா?