சலாம் சொல்ல வந்தவன்

எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி இறந்து பல வருஷமாகிறது. இப்போது யார் அவரைப் பற்றிப் பேசினாலும் "நல்ல மனுசன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். செத்துப்போனவர்களுக்கு அது ஒரு வசதி. நான் அப்படி ஆரம்பிக்கப் போவதில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச நான் கற்றுக்கொண்டது அவரால்தான். ஆசைப்பட்டுக் கற்கவில்லை. அவரைக் குனிய வைப்பதற்காகக் கற்றேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதையில், நமுனுகுலை மலையின் அடியில் இருந்தது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளையில் அரசாங்கக் கச்சேரி உண்டு, கோர்ட் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்களுக்கு எட்டியது பெரட்டுக்களம் ஒன்றுதான். விடியற்காலையில் கொம்பு ஊதியதும் அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளைக்காரத் துரை வந்து ஆள் பார்த்து வேலை பிரிப்பார்.

என் அக்காவின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். முப்பது கழிந்த மறுநாளே கங்காணி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஆதரவில்லாத பொம்பளை, நம்ம வீட்ல ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு இருக்கட்டும்" என்று எங்கள் வரிசை வீட்டு லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கஞ்சி குடிக்கத்தான் விட்டாரா? நெல் குத்த, மாட்டுக்குப் புல்லறுக்க, கங்காணி அம்மாவின் காலை அமுக்க எல்லாம் அக்காதான். லயத்தில் எனக்கு ஒற்றை அறைக் காம்பரா இருந்தது, நானும் என் மனைவியும் மட்டும். அங்கே வந்துவிடுகிறேன் என்று அக்கா கங்காணியிடம் கேட்டபோது, "தொரை உத்தரவு இல்லாம முடியாது" என்றார். துரையிடம் கேட்க வேண்டியவரும் அவர்தான். அவர் கேட்கவே இல்லை.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை வந்தால் மண்சரியும் என்று பயம், வெயில் அடித்தால் காய்ச்சல் வரும் என்று பயம். தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் புத்தகம் முடியுமுன்னே என் பேரைப் பெரட்டில் போட்டுவிட்டார்கள். அதனால் பெரியவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்று தெரியாது; எல்லோரும் பேசுகிற மாதிரிதான் எனக்கும் வரும். எல்லோரும் பேசுகிற மாதிரி என்றால், முதலில் துரையைப் புகழ வேண்டும். பிறகு அவர் குடும்பத்தை வாழ்த்த வேண்டும். விஷயம் கடைசியில். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வது மரியாதைக் கேடு.

ஒரு நாள் பெரட்டில் துணிந்து முன்னே போனேன். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"சாமி தொரைகளே, எங்களுக்கு ஆத்தாளும் அப்பனும் நீங்கதான். தொரைசாணியம்மாவும் புள்ளைகளும் நல்லா இருக்கணும். இந்தத் தோட்டத்து உப்பத் தின்னுதான்..."

துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது வேலை வாங்குகிற தமிழ். இவ்வளவு நீளத்துக்கு அது வராது. அவர் கங்காணியின் பக்கம் திரும்பினார்.

"என்ன வேணும் இவனுக்கு?"

"ஒண்ணுமில்ல தொரை. தொரைக்குச் சலாம் சொல்ல வந்திருக்கான். தோட்டம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றான்."

துரையின் முகம் மலர்ந்தது. "நல்லது. மலைக்குப் போ."

களம் முழுவதும் சிரித்தது. வரிசையின் ஓரத்தில் அக்கா நின்றாள். கங்காணி வீட்டு வேலைக்குப் போகுமுன் அவளும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எனக்குச் சலாம் என்று பேராகிவிட்டது. காலையில் என்னைக் கண்டால் கங்காணி விட மாட்டார். "என்னப்பா, இன்னிக்குத் தொரைக்குச் சலாம் இல்லியா? தொரை ஏங்கிப் போயிட்டாரு" என்பார். கவ்வாத்துக் கத்தியை வைத்துக்கொண்டு செடி வெட்டும்போது ஒவ்வொரு கிளையும் எனக்கு அவர் கழுத்தாகத் தெரிந்தது. பொய் சொல்லவில்லை.

துரையிடம் யார் பேச்சு எடுபடுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். கங்காணிக்கு அடுத்து, குதிரைக்காரனின் பேச்சு. அவன் ஒரு வாழ்த்தும் சொல்ல மாட்டான். "குதிரைக்குக் கால் வீங்கிருக்கு. இன்னிக்கு ஏற வேணாம்." அவ்வளவுதான். துரை ஏறாமல் நடந்தே போய்விடுவார். மரியாதை இல்லையே என்று எனக்கு முதலில் கோபமாகக்கூட இருந்தது. பிறகுதான் புரிந்தது: துரைக்கு மரியாதை வேண்டியதில்லை, குதிரை வேண்டும். கேட்கிறவனுக்கு எது நோகுமோ அதை முதலில் வைக்க வேண்டும். என் அக்காவின் கண்ணீர் துரைக்கு நோகாது. அவருக்கு நோவது எது?

பல நாள் யோசித்தேன். தோட்டத்து ஆள் ஒருத்தி பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கங்காணி வீட்டில் நெல் குத்துகிறாள்; கூலி துரையின் கணக்கில். அது நோகும்.

மனைவியைத் துரையாக்கிப் பழகினேன். அவள் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அகப்பையைக் கைத்தடியாகப் பிடித்துக்கொள்வாள்.

"ம்! என்ன? சுருக்கா சொல்லு!"

"தொரைகளே, எங்க அக்கா வந்துங்க, அவங்க வீட்டுக்காரரு போன தையில..."

"தொரை எந்திரிச்சுக் காப்பி குடிக்கப் போயிட்டாரு. நீங்க இன்னும் தையிலயே நில்லுங்க."

"அடியே, கொஞ்சம் பொறுத்துக் கேளேன்."

"தொரைய அடியேன்னா கூப்புடுவீங்க? புடிச்சு அடைங்கடா இவன!"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் இரக்கம் காட்டவில்லை. நான் தரையைப் பார்த்துப் பேசினால் அகப்பையால் மோவாயைத் தூக்குவாள். சொல்லி முடித்த பிறகு நான் ஏதாவது இழுத்தால், "முடிஞ்சிச்சில்ல? வாய மூடுங்க" என்பாள். எனக்கு அதுதான் பெரும்பாடு. பயந்தவனுக்குப் பேச்சைத் தொடங்குவதைவிட நிறுத்துவது கஷ்டம். எதிரே இருப்பவர் சும்மா இருந்தால் அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும் என்று தோன்றும்.

பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த அக்காவிடம் என் மனைவி சொல்லி வைத்தாள். "அண்ணி, தொரை கேட்டா ஒரே வார்த்தைதான். அழுதுறாதீங்க."

அன்று காலை பனி இறங்கிப் பக்கத்தில் நிற்பவன் முகமே மங்கலாக இருந்தது. துரைக்குக் கேட்காமல் போனால்? நாளைக்கே தோட்டத்தை விட்டு விரட்டினால்? இருமல் வந்துவிட்டால்? இருமலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். துரை ஆள் பார்த்து முடித்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"வந்துட்டாருய்யா சலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

"தொரை, ஒரு ஆளு பெரட்டுல பேர் குடுத்துட்டுக் கங்காணி வீட்ல வேலை செய்யுது. அது என் அக்கா. என் காம்பராவுக்கு அனுப்புங்க."

நிறுத்தினேன். துரை ஒன்றும் சொல்லவில்லை. என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கங்காணி சிரித்தபடி முன்னே வந்தார். "ஒண்ணுமில்ல தொரை, வழக்கம்போலச் சலாம்..."

"சலாம் இல்ல" என்றார் துரை. "என் ஆளு, உன் வீட்ல வேலையா? எங்க அந்தப் பொம்பளை?"

அக்கா வரிசையை விட்டு வந்தாள்.

"நீ எங்க இருக்க வேணும்?"

"தம்பிகிட்ட."

கங்காணியின் குரல் மாறியது. "தொரைகளே, நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள்லேருந்து தொரையோட காலடியில கெடக்குறவன். பெரிய தொரை காலத்துல எங்கப்பா... இந்தப் பொம்பளைய என் கூடப் பொறந்தவளாட்டம்..." அவருக்கு வாயில் எச்சில் காய்ந்துவிட்டது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பேச மாட்டாரா என்றிருந்தது.

துரை கையை உயர்த்தினார். "போதும். இன்னிக்கே அனுப்பு."

நான் அத்தோடு பின்னுக்குப் போயிருக்கலாம். மனைவியிடம் பழகியதும் அவ்வளவுதான். எனக்குப் போதவில்லை.

"அக்காவோட பொட்டியக் கங்காணியே கொண்டாந்து குடுக்கணும் தொரை."

துரைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. "சரி, சரி. கங்காணி, கொண்டுபோய்க் குடு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் மழையில் கங்காணி வந்தார். கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்து முன்னால் நடந்தார். தகரப் பெட்டி அவருடைய மருமகனின் தலையில் இருந்தது. லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் தலை தெரிந்தது. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"கங்காணி கொண்டாரணும்னுதான் தொரை சொன்னாரு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குடையை மருமகனிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை இறக்கிக் கையில் வாங்கினார். மழை தலைப்பாகையில் விழுந்தது. குனிந்து பெட்டியை என் காலடியில் வைத்தார்.

"வாய் நீண்டு போச்சுடா ஒனக்கு."

மாதக்கணக்கில் அவருக்காகச் சேர்த்து வைத்த வசவுகள் ஆயிரம் இருந்தன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"வச்சிட்டீங்கல்ல? போங்க."

அவர் படி இறங்கிப் பாதைக்குப் போய்விட்டார். உள்ளே அக்கா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். திடீரென்று எழுந்து வாசலுக்கு வந்தாள். கங்காணி வீட்டில் இருந்த நாளெல்லாம் அவள் குரல் எழும்பி நான் கேட்டதில்லை. இப்போது எதிர் மலையில் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"கங்காணி! என் கல்யாணச் செம்பு எங்க?"

அவர் நின்றார். லயமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேச வேணாம்" என்றாள் அக்கா. "போயி எடுத்துட்டு வாங்க."