மூலையில் வைத்த தட்டு

விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்று போன வாரம் வரை எங்கள் தாம்பரம் வீட்டுப் பரணில் கிடந்தது. மாதவிலக்கு நாட்களில் நான் சாப்பிடுவதற்கென்று என் மாமியார் ஒதுக்கிய தட்டு. வயலை மனை போட்டு விற்று, தரைக்குக் கிரானைட் பதித்த வீடுதான். ஆனாலும் அந்த நாட்களில் மருமகளுக்குப் பின்கட்டு மூலையும் ஒரு பாயும்தான். அத்தை இறந்து சில வருஷம் ஆகிறது. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு வரவில்லை.

மகள் பிறந்ததும் அத்தைக்கு அடுத்து ஒரு பேரன் வேண்டும். எனக்கு மறைமலை நகர் கம்பெனி வேலை வேண்டும்; இன்னொரு பிள்ளை வேண்டாம். கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காப்பர்-டி வைத்துக்கொண்டேன். அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை; எனக்கு அவர் செய்த ஒரே உதவி அதுதான். மூன்று நாள் உதிரப்போக்கு ஒரு வாரமாக நீண்டது, கொட்டித் தீர்த்தது. நான் மூலையில் சுருண்டு கிடக்க, அடுப்படியில் தானே நிற்க வேண்டி வந்த ஆத்திரம் அத்தைக்கு. "இன்னாடி இது, வாரக்கணக்கா குந்திகினு கீற? வேலைக்கு டிமிக்கியா?" என்று தட்டைத் தரையில் விட்டெறிவார். அது நசுங்கியது அப்படித்தான்.

சில மாதங்களில் சரியாகிவிடலாம் என்றார் டாக்டர். எனக்குப் பொறுமை இல்லை. அதை எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறினேன். முதலில் நேரங்காலம் இல்லாமல் சொட்டுச் சொட்டாகப் பட்டது. அதை அத்தையிடம் சொல்லவே இல்லை. பிறகு அடியோடு நின்றுபோனது. தட்டு தூசி படிந்து கிடப்பதைப் பார்த்த அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டு வந்து, எனக்காக மாங்காய் நறுக்க உட்கார்ந்தார்.

"நான் முழுகாம எல்லாம் இல்ல அத்தை. ஊசி போட்டிருக்கேன்" என்றேன்.

"ரத்தம் உள்ளயே தங்கி விஷமாய்டும்டி! எம்புள்ள வம்சத்த அறுக்க வந்தியா?"

கர்ப்பப்பையின் உட்சவ்வு தடிப்பதே இல்லை, அதனால் உள்ளே தேங்க ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். காதில் வாங்கவில்லை. அதன்பின் சாகும்வரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

போன வாரம் மகள் வயதுக்கு வந்தாள். கணவர் ஏணி போட்டு ஏறி, அந்தத் தட்டை இறக்கித் துடைத்தார். "அம்மா இருந்தா இதத்தான் செஞ்சிருப்பாங்க. மூணு நாள்தானே" என்றார்.

தட்டை வாங்கிக் கழுவினேன். மகளைச் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பிறகு அந்தத் தட்டில் சோறு போட்டு, பின்கட்டு மூலையில் அவருக்கு வைத்தேன்.