மாப்பிள்ளை காத்த கோல்

தோற்ற அணிக்குச் சாட்டுச் சொல்வதில் சாய்ந்தமருதில் மீராமுகைதீனை வெல்ல ஆளில்லை. அவர் ஒருநாளும் பந்தை உதைத்தவர் அல்லர். கரைவலை வைத்திருந்தார், விடிந்தால் கடற்கரை, பின்னேரம் அசர் தொழுதால் மைதானம். வெள்ளைப்பிறை உதைபந்தாட்டக் கழகம் வென்றால் அது விளையாடியவர்களின் திறமை. தோற்றால் காற்று, வெயில், மத்தியஸ்தரின் கண், அல்லது எதிரணி ஊர்க்காரர் பந்துக்குள் அளவுமீறி அடைத்த காற்று. கழகம் அடிக்கடி தோற்றபடியால் அவருடைய கற்பனை ஒருபோதும் துருப்பிடித்ததில்லை.

அப்படிப்பட்டவர், ஐம்பத்தாறாம் ஆண்டு அறுவடை முடிந்து ஆட்டக்காலம் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். கழகம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசம். மீராமுகைதீனிடமிருந்து ஒரு சாட்டும் வரவில்லை. காரணம், அந்தத் தோல்விகளின் காரணம் அவர் வளவிலேயே குடியிருந்தது.

கழகத்துக்கு ஆள் எடுத்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நிர்வாகக் குழுவில் ஒரு முறைப்பாடு கிளம்பியது: முன்வரிசையில் ஒரே குடியைச் சேர்ந்தவர் நாலு பேர், மற்றக் குடிகளுக்குக் கால் இல்லையா? இங்கே ஒவ்வொருவரும் தாய்வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர். பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மாரை நியமிப்பதும் குடிக்கு ஒருவர் என்ற முறையில்தான். தலைமுறை தலைமுறையாகப் பள்ளியைச் சண்டையில்லாமல் நடத்திய ஏற்பாடு பந்தை நடத்தாதா என்று எல்லோரும் நம்பினார்கள். கழகத் தலைவர் சீனிமுகம்மது பள்ளியிலும் ஒரு மரைக்கார். அவருக்கு இது மிகவும் பிடித்தது. குடிக்கு ஒருவர். பழுதில்லாத நீதி. எதிரணிகளுக்கும் அது நன்றாகப் பிடித்துப்போயிற்று.

மீராமுகைதீனின் குடிக்குக் கோல் காக்கும் இடம் கிடைத்தது. குடியின் மூத்தவர் என்ற வகையில் ஆளைச் சொல்ல வேண்டியவர் அவர். தங்கை மகன் பதியுதீனைச் சொன்னார். ஆள் நல்ல உயரம், கை நீளம், வலை பொத்துவதில் கடற்கரையில் முதல் ஆள். கிழிந்த வலையின் ஓட்டைகளை அடைக்கிறவன் கோல் வாயை அடைக்கமாட்டானா என்பது அவருடைய வாதம். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் குடிக்கு அவமதிப்பு.

அதே மாதம் பதியுதீனுக்கும் மீராமுகைதீனின் மகள் ஜுனைதாவுக்கும் நிக்காஹ் நடந்தது. முதல்நாள் வரை “டேய் பதியு” என்று அலைச்சத்தத்தையும் மீறிக் கூப்பிட்டவர், மறுநாளிலிருந்து “மாப்பிள்ளை” என்றார். அதையும் ஆளைப் பார்த்தல்ல, கதவைப் பார்த்து. வழக்கப்படி கல்வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அவரும் மனைவி சல்மா உம்மாவும் அதே வளவின் மூலையில் கிடுகு வேய்ந்த சின்ன வீட்டுக்கு மாறினார்கள். புது மாப்பிள்ளையிடம் மாமா நேரில் ஒன்றும் கதைப்பதில்லை. குறை சொல்வது கனவிலும் இல்லை.

இதில் ஒரு சங்கடத்தை அவர் முன்கூட்டி யோசிக்கவில்லை. மைதானத்தில் அவருடைய நிரந்தர இடம் வெள்ளைப்பிறையின் கோலுக்கு நேர் பின்னால். அங்கே நின்று கோல் காக்கிறவனை ஏசுவதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய சந்தோசம். இப்போது அங்கே நிற்பது மாப்பிள்ளையின் முதுகு.

மூன்றாவது ஆட்டம் நிந்தவூரில். பதியுதீன் நாலு கோல் விட்டார். அதில் ஒன்று, விருந்தாளிக்கு வழிவிட்டதுபோல இரண்டு கால்களுக்கும் நடுவே மெதுவாக உருண்டு போனது. மீராமுகைதீன் தலைப்பாகையைக் கழற்றி உதறினார், திரும்பவும் கட்டினார். வாய் திறக்கவில்லை.

“என்ன காக்கா, தொண்ட கட்டிட்டா?” என்று கேட்டார் பக்கத்தில் நின்ற நிந்தவூர்க்காரர்.

“ஓம். பனி.”

நிலம் வெடிக்கும் சித்திரை வெயில் அது.

அன்றிரவு பாரைமீனின் நடுத்துண்டு முழுவதும், வழக்கம்போல, மூடிய சகன் தட்டில் கல்வீட்டுக்குப் போகத் தயாரானது.

“நாலு கோல் விட்டதுக்கு நாலு துண்டா?” என்றார் மீராமுகைதீன். அவர் தட்டில் வால் கிடந்தது.

“மெல்லக் கதைங்க, கேட்டுரும்,” என்றாள் சல்மா உம்மா. “கோல் விட்டது நிந்தவூர்ல. இது மாப்பிள்ளை வீடு.”

“வெண்டிருந்தா என்னத்தக் குடுப்பா?”

“வெண்டாப் பாத்துக்குவம். இப்ப அந்தக் கவல வேணாமே.”

ஆனால் சகன் திரும்பி வந்தபோது மீன் அப்படியே இருந்தது. தோற்ற நாட்களிலெல்லாம் அப்படித்தான். மாப்பிள்ளை கையை நனைத்துவிட்டு எழும்பிவிடுகிறார் என்று சல்மா உம்மாவுக்கு வேறு கவலை: கறியில் குறையோ?

மறுநாள் சீனிமுகம்மது கடற்கரைக்கு வந்தார். வலை இழுப்பதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, கடலிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

“மச்சான், அடுத்தது அட்டாளைச்சேனை. என்ன செய்யிற?”

“றஸாக்கப் போடு. பொடியன் பந்துக்குப் பாயிறான்.”

“அவன்ட குடியில ஏற்கனவே ஒராள் விளையாடுறாரே. பிறகு உங்கட குடி எங்க? குடிட இடத்த நாங்க எடுக்கேலா. நீங்கதான் விடணும்.”

மீராமுகைதீன் வலைக்கயிற்றைப் பிடிக்கப் போனார். இடத்தை விடுவதென்றால் மாப்பிள்ளையை விலக்குவது. கல்யாணப் பந்தல் கழற்றிய குழி இன்னும் மூடவில்லை. கோபித்துக்கொண்டு அவர் தாய்வீட்டுக்குப் போய்விட்டால்? அந்தத் தாய் மீராமுகைதீனின் தங்கைதான். அதனால் நிலைமை இன்னும் மோசம். விடாவிட்டால் இந்த ஆண்டு முழுவதும் பனி.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் கிணற்றடியில் மகளைக் கண்டதும் தொண்டையைச் செருமினார்.

“புள்ள, மாப்பிள்ளைக்கு மேலுக்கு நல்லமா?”

“நல்லம் வாப்பா.”

“ஓடியாடி விளையாடுறது களைப்பா இரிக்கும். கொஞ்சநாள் ஓய்வா இரிந்தா என்னெண்டு ஒரு யோசன. என்ட யோசன இல்ல. ஊருக்குள்ள கதைக்கிறாங்க.”

ஜுனைதா வாளியைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடினாள்.

“வாப்பா, அவருக்குப் பந்து வாறதக் கண்டாக் கண்ணு தானா மூடுதாம். முதல் ஆட்டத்துலயே விடணுமெண்டு நிண்டவரு. ‘மாமா போட்ட இடம், வேணாமெண்டு சொன்னாக் குடிக்கே மரியாத இல்ல’ எண்டு கிடந்து அழுந்துறாரு. மீனும் இறங்குதில்ல.”

“நீ ஏன் சொல்லல்ல?”

“உங்களுக்குக் கோவம் வருமெண்டு பயந்தன்.”

மீராமுகைதீன் அவள் வைத்த வாளியை எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கினார். ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையில் எத்தனை கோல் போயிற்று என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்று மாலை குழுவில் எழுந்து, தன் குடி கோல் காக்கும் இடத்தை விடுவதாகச் சொன்னார். ஒரு குடி தன் உரிமையைத் தானாக விட்டதை அங்கே யாரும் கண்டதில்லை.

“அப்ப உங்கட குடிக்கு என்ன?” என்றார் சீனிமுகம்மது.

“பந்து. காத்தடிச்சு, வார் இழுத்துக் கட்டி, மைதானத்துக்குக் கொண்டு வாறது எங்கட பொறுப்பு. மாப்பிள்ளை செய்வார். முடிச்சில அவரை வெல்ல ஆளில்ல.”

உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் வேறு இரண்டு குடிகள் பந்து தங்களுக்கே வரவேண்டும் என்று கேட்டன என்பது வேறு கதை.

அட்டாளைச்சேனை ஆட்டத்தன்று பதியுதீன் புதுச் சாரம் உடுத்தி, பந்தை இரு கைகளிலும் ஏந்தி முன்னால் நடந்து வந்தார். கல்யாண ஊர்வலத்தில்கூட அவர் முகம் இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. பிறகு கோலுக்குப் பின்னால் வந்து, மாமாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

“டேய் றஸாக், கண்ணத் திறந்து வெச்சிக்க,” என்று மீராமுகைதீன் தொடங்கினார். வாய் போன இடம் தெரிந்ததும் ஒருகணம் நின்றார். பதியுதீன் கேட்காதவர்போல நேரே பார்த்தார். பிறகு மாமாவின் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. றஸாக் பந்தைப் பிடித்தபோதும் ஏச்சு, பிடிக்காமல் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோதும் ஏச்சு. பொடியன் சந்தோசமாக வாங்கிக்கொண்டான்.

வெள்ளைப்பிறை ஒரு கோலும் போடவில்லை, வாங்கவும் இல்லை. முன்வரிசையில் இன்னும் குடிக்கு ஒருவர்தானே.

மஃரிப் தொழுகைக்கு ஊர் திரும்பும்போது பதியுதீன் நிலத்தைப் பார்த்தபடி, நிக்காஹுக்குப் பிறகு முதல் தடவையாக மாமாவிடம் நேரில் கதைத்தார்.

“காத்து எதிர்க்காத்து, மாமா. இல்லாட்டி நம்மட பக்கம் ரெண்டு விழுந்திரிக்கும்.”

மீராமுகைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குடிக்கு வாரிசு இருக்கிறது.

“ஓம் மாப்பிள்ளை,” என்றார். “வெயிலும்.”

அன்றிரவு சல்மா உம்மா வெறும் சகனோடு திரும்பி வந்தாள்.

“இன்னொரு துண்டு கேட்டாரு,” என்றாள் பெருமையாக.

“குடு. இண்டைக்கு ஒரு கோலும் விடல்லத்தானே.”

“அவரு விளையாடவே இல்லையே.”

“அதத்தான் சொல்றன்,” என்று மீராமுகைதீன் தன் வால்துண்டை எடுத்தார்.