கொதிக்கும் கஞ்சியில் ஒரு பாக்கெட்

போன வாரம் புந்தோங்கில் ஒரு மருந்துக்கடைக்குச் சண்டை போடப் போனேன். போனேன்... அவ்வளவுதான் சொல்ல முடியும்.

விஷயம் இதுதான். என் மகள் யாழினிக்கு நாலு வயது. காதுவலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காது சரியானது, வயிறு கெட்டது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ‘நின்ற பிறகு அனுப்புங்கள்’ என்று பாலர் பள்ளி ஆசிரியை சொல்லிவிட்டார். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நிற்பாள். பள்ளி வேன் நிற்காமல் போய்விடும். அவள் அழமாட்டாள் — அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் புரோபயாடிக் பொடி எழுதிக் கொடுத்தார். உயிருள்ள நல்ல பாக்டீரியாவாம். ஆன்டிபயாடிக் கெட்டதோடு நல்லதையும் துடைத்துவிடுமாம். காலியான இடத்துக்கு இவர்கள் குடிவருவார்களாம். நாலு நாள் தவறாமல் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மருந்துக்கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களோ?

“எதுல கலந்து குடுத்தீங்கக்கா?” என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

“கஞ்சியில.”

“சூடாவா?”

“அடுப்புல கொதிக்கிறப்பவே.” பெருமையாகத்தான் சொன்னேன். என் வீட்டில் கொதிக்காத எதுவும் பிள்ளை வாய்க்குள் போகாது.

அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். பக்கத்தில் நின்ற என் கணவர் அந்தப் பாடுகூடப் படவில்லை. “நாலு நாளா எல்லாரையும் வேக வெச்சி ஊட்டியிருக்கே லா.”

கிருமி என்றாலே கொல்லத்தானே நமக்குத் தெரியும்? விருந்தாளியாக உட்கார வைக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

“ஆற வெச்சி கலக்குங்கக்கா. வாழைப்பழமும் குடுங்க. உள்ள போறதுங்களுக்கும் சாப்பாடு வேணும்ல? அந்தச் சாப்பாட்டைத்தான் பிரீபயாடிக்னு சொல்றது.”

ஆறிய கஞ்சி, மசித்த பழம். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. பொடியா, பழமா, தானாகவே சரியானதா? எனக்குத் தெரியாது... கணவர் மட்டும் இப்போது ரசத்தைக் கரண்டியால் கிளறி, “உயிரோட யாராச்சும் இருக்கீங்களா?” என்று விசாரித்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்கிறார்.

நேற்று வேன் நின்றது. ஏறப்போனவள் திரும்பி வந்தாள்.

“அம்மா, என் வயித்துல இருக்கறவங்களுக்கு ரெஸ்ட் டைம்ல பசிக்குமா?”

ஓடிப்போய் ஒரு வாழைப்பழம் எடுத்துவந்து பையில் வைத்தேன். வேன் முனை திரும்பிய பிறகுதான் தோன்றியது...

கோடிக்கணக்கில் இருக்கிறார்களாமே — ஒன்று போதுமா?