டிப்போ மரமும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்திக்கு எல்லாமே அமையும். அவள் பிள்ளைக்குச் சளி பிடிக்காது, அவள் குடை காற்றில் மடங்காது. போதாக்குறைக்கு, நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணைக்கு விதை பொறுக்க அவளுக்கு வாய்த்த மரமும் அப்படித்தான்.

காடாக இருந்த இடம் ஊராகிவிட்டதில் அந்த ஜாதி மரம் மூலைக்கு ஒன்றாக ஐந்தாறுதான் மிச்சம். அவளுடையது பள்ளிக்கூடத்துச் சுவரோரம். என்னுடையது பஸ் டிப்போவின் நடுவில், தன்னந்தனியாக. விதை பொறுக்கி வந்து தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவோம். அவளுடையது மூழ்கும். என்னுடையது மிதக்கும். மிதந்தால் சொத்தை.

"விடுடி, உன் மரத்தோட ராசி அவ்வளவுதான்" என்பாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் பரிதாபம் இருக்கிறதே, எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும்.

டிப்போ மேனேஜருக்குப் பஸ் நிறுத்த இடம் போதவில்லை. மரத்தை வெட்டக் கேட்டார். சொத்தை காய்க்கிற மரம்தானே என்று பண்ணை அதிகாரியும் தலையாட்டிவிட்டார். நான் அழுதே விட்டேன். ஓரகத்தி என்ன சொன்னாள் தெரியுமா?

"போனா போகட்டும்டி. உனக்கும் வெயில்ல அலைச்சல் மிச்சம்."

மகராசி!

அந்தச் சமயத்தில்தான், எந்த நாற்றுக்கு எந்த மரம் தகப்பன் என்று சோதிக்க இலையைக் கிள்ளிக்கொண்டு போயிருந்த லேப் பெண் முடிவோடு வந்தாள். ஓரகத்தியைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, உங்க நாத்துல முக்கால்வாசிக்கு அப்பா டிப்போ மரம்."

"அதுவா? அதுவே சொத்தையாச்சே!"

"அது பூத்துக் கொட்டுது. தேனீ அதுலயே சுத்திச் சுத்தி அதோட மகரந்தத்தையே அதுக்குப் பூசுது, அதான் சொத்தை. அங்கிருந்து கிளம்பி உங்க மரத்துக்கு வர்றப்போ நல்லா புடிச்சுக்குது. அதை வெட்டினா அடுத்த வருஷம் உங்க விதையும் மிதக்கும்."

ஓரகத்தியின் முகம் சுண்டிப்போனது. அன்றைக்குத்தான் என் வயிறு குளிர்ந்தது.

ஆனால் லேப் முடிவு டிப்போவுக்குப் போய்ச் சேருவதற்குள் வெட்ட ஆள் வந்தாயிற்று என்று மறுநாள் காலையில் தகவல் வந்தது. தலையைக்கூட வாராமல் ஓடினேன். எனக்கு முன்னாலேயே ஓரகத்தி மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் கை வைத்து.

"தொட்டுப் பாருங்க! இது என் மரத்தோட வீட்டுக்காரர்!"

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூச்சு வாங்க வந்து நின்ற என்னைப் பார்த்து ஒரு கண்டக்டர் கேட்டார்: "அப்போ நீங்க ரெண்டு பேரும் சம்பந்தியாம்மா?"

ஓரகத்தியாக இருந்து என் உயிரை எடுத்தது போதாதா? இனி சம்பந்தி வேறு!

மேனேஜரும் சிரித்துவிட்டார். சிரித்த மனிதரால் வெட்டச் சொல்ல முடியவில்லை. வந்த ஆட்கள் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது டிப்போவில், "பெரியம்மா மரத்துப் பக்கம் நிறுத்துப்பா" என்கிறார்கள். பெரியம்மா என்றால் அவள். பத்து வருஷமாக அங்கே குனிந்து விதை பொறுக்குகிறவள் நான். ஒரே ஒரு நாள் இடுப்பில் கை வைத்து நின்றவள் அவள்.

அன்று திரும்பி வரும் வழியில் என் தோளைத் தட்டினாள். "உன் மரம் பிழைச்சுதேடி, கொஞ்சம் சிரியேன்."

சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்க எனக்கு வரும்.