படம் பார்க்காதவர் சொன்னது

தியேட்டர் வண்டி ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். வெயிலில் கறுத்த முகம், காதில் செருகிய பேனா. மேட்னி விட்டு வருபவர்களுக்கு சீட் சுடக்கூடாது என்று ஒவ்வொரு வண்டி மேலும் அட்டை வைத்திருந்தார்.

அன்று நானும் மனைவியும் பார்த்தது, கோடிகளைக் கொட்டி எடுத்த ராஜா காலத்துப் படம்.

"எப்படி சார் படம்?" என்றார்.

"போரெல்லாம் பொம்மை விளையாட்டு. மூணு மணி நேரம் வேஸ்ட்."

"மோசமான படம்னா ஜனங்க உடனே வண்டிய எடுத்துடுவாங்க சார். இந்தப் படத்தப் பத்தி நின்னு சண்டை போட்டுக்கினு இருக்காங்க பாருங்க."

நான் விடவில்லை. ராணி தன் மகனைப் போருக்கு அனுப்பும் காட்சியை நடித்தே காட்டிக் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் வண்டியின் அட்டையை எடுத்துவிட்டு, பின் சீட்டைக் கையால் துடைத்தார்.

"மேடம் கண்ணு செவந்திருக்கு சார். பேசாம கிளம்புங்க," என்றார் மெதுவாக.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீடு வரும்வரை அவள் என் தோளைப் பிடித்துக்கொள்ளாமலே வந்தாள்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள எங்கள் மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர விமானம் ஏறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.